கறுப்பு வண்டியின் கடைசித் துடைப்பு

அண்ணி எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அந்தத் துணியின் ஓரத்தை மூடிய இமையின் மேல் ஒருமுறை மெல்ல இழுப்பார். புதுத் தலையணை உறை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சட்டை, மருத்துவமனைப் படுக்கை விரிப்பு என்று எதுவும் தப்பியதில்லை. ஒருமுறை திரைச்சீலை வாங்கப் போன கடையில் இப்படிச் செய்தபோது, அங்கே நின்ற விற்பனைப் பெண் அண்ணி அழுகிறார் என்று நினைத்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணி அதை வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டு, "துணி முரடா இருக்கும்மா, வேற காட்டு" என்றார்.

அண்ணனுக்கு கார் கழுவிப் பாலிஷ் போடும் ஷெட் இருக்கிறது. கீழே ஷெட், மேலே நாங்கள் மூவரும் இருக்கும் வீடு. அண்ணன் பாலிஷ் மெஷினைப் பிடிப்பார். அண்ணிதான் துணி தேர்ந்தெடுப்பார், எல்லா வேலையும் முடிந்த பிறகு வண்டியைக் கடைசியாக ஒருமுறை துடைத்துக் கொடுப்பார். துணிகளைத் துவைப்பதும் காயப்போடுவதும் மடிப்பதும் என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. வாஷிங் மெஷின் இருக்கும் மூலையிலிருந்து பார்த்தால் ஷெட் முழுவதும் தெரியும். அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணன் கிழிந்த பனியன்களால்தான் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி வந்த முதல் வாரமே ஒரு பனியனைக் கையில் எடுத்து, இமையில் இழுத்துப் பார்த்து, "இதால தரையைக்கூடத் துடைக்கக் கூடாது" என்றார்.

"என் பனியன்" என்றார் அண்ணன்.

"தெரியுது. அதான் சொல்றேன்."

அதற்குப் பிறகுதான் எங்கள் ஷெட்டுக்கு மைக்ரோஃபைபர் துண்டுகள் வந்தன. பருத்தித் துணி தூசியைத் தள்ளிக்கொண்டே போகும், போகிற வழியெல்லாம் கோடு கிழிக்கும். இது தூசியை அள்ளித் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்று அண்ணி எனக்குக் காட்டினார். மேசைமேல் கொஞ்சம் மாவைக் கொட்டி இரண்டாலும் துடைத்துக் காட்டினார். எனக்கு அது வித்தை மாதிரி இருந்தது.

துண்டுகளிலும் எத்தனையோ ஜாதி உண்டு. வேக்ஸைத் துடைத்து எடுக்க ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி நீள இழை வேண்டும். தண்ணீரை உறிஞ்சுவதற்கு முறுக்கிய இழை. கண்ணாடிக்குக் கட்டம் கட்டமாக நெய்தது. அதில் இழை நீளமாக இருந்தால் கண்ணாடியில் பஞ்சு ஒட்டும். கனமாக இருந்தால் நல்ல துண்டு என்று வாங்குகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். அண்ணி எடையைப் பார்க்கவே மாட்டார். ஓரத்தைத்தான் பார்ப்பார். நடுவில் எவ்வளவு பூவாக இருந்தாலும் ஓரத்தில் ஒரு முரட்டு நூல் இருந்தால் போதும், பெயின்ட் போச்சு.

நீலத்துண்டு வண்டியின் உடம்புக்கு, மஞ்சள் உள்ளே இருக்கைகளுக்கு, சாம்பல் நிறம் சக்கரத்துக்கு. ஒன்றோடு ஒன்று சேர்த்துத் துவைக்கக் கூடாது. வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றுகிற திரவம் எதையும் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது; அது இழையின் வாயை அடைத்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. எவ்வளவு உசத்தியான துண்டானாலும் தரையில் விழுந்துவிட்டால் திரும்ப உடம்புக்கு வராது, டயருக்குத்தான். ஒருநாள் அண்ணன் சோப்பு நுரையில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். நான் பதறிப்போய் ஓடினேன். அண்ணி இருந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்து, "விழுந்தாச்சா? இனிமே டயருக்குத்தான்" என்றார். பக்கத்து டயர்க்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டார். வெகுநாள்வரை அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், "மச்சான், எப்ப என் கடைக்கு வரப்போறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னறையில் கொடி கட்டித் துண்டுகளைக் காயப்போடுவேன். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். மத்தியானம் வெயில் அதன் வழியாக உள்ளே விழும்போது நீலத்துண்டுகளுக்கு நடுவே நிற்பது தண்ணீருக்கு அடியில் நிற்பது போல இருக்கும். இழைத்துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்காது. அண்ணி சில சமயம் அங்கே வந்து எதுவும் பேசாமல் நிற்பார். எதற்கு வந்தார் என்று நானும் கேட்டதில்லை.

கடைசித் துடைப்பின்போதும் அண்ணி அப்படித்தான். ஷெட்டின் ஷட்டர் கதவைப் பாதி இறக்கிவிடுவார். வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே வரும். துண்டை நாலாக மடித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி துடைப்பார். கறுப்பு வண்டி என்றால் இன்னும் மெதுவாக. கறுப்பு பானெட்டில் கதவிடுக்கு வழியாக வானம் தெரியும். மேகம் ஒன்று அதில் ஊர்ந்து போகும். அண்ணியின் கை மேகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அது நகர்ந்து போனதும் அந்த இடத்தைத் துடைக்கும்.

"மேகத்தை ஏன் அண்ணி விடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கலைஞ்சிடும்ல" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வேலையின்போது அண்ணியின் முகம் வேறாக இருக்கும். வீட்டில் கணக்கில்லாத வேலை, வாடிக்கையாளர் தொல்லை, அண்ணனின் முணுமுணுப்பு எல்லாம் கதவுக்கு வெளியே நின்றுவிடும். ஒருமுறை அண்ணனின் நண்பர் ஒருவர், "தங்கச்சி, நீங்க கல்லாவுல உக்காருங்க, துடைக்கிறதுக்கு ஆள் போட்டுக்கலாம்" என்றார். அண்ணி அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

சில வருஷங்களாகவே ஒன்றைக் கவனித்துவந்தேன். முன்பெல்லாம் அண்ணி துண்டை முதலில் விரலால் தடவுவார், பிறகுதான் இமைக்குக் கொண்டுபோவார். பிறகு விரலால் தடவுவதை விட்டுவிட்டார், நேராக இமைதான். காலையில் எழுந்ததும் ஈரமே இல்லாத கைகளைத் தண்ணீர் சொட்டுவது போல உதறுவார். சட்டைப் பொத்தானைப் போட வெகுநேரம் எடுத்துக்கொள்வார். ஒருநாள் கொதிக்கிற டீ டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தொட்டபோது எனக்குச் சுட்டது. என்ன என்று கேட்கலாமா என்று நினைப்பதற்குள் அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்காதே என்று சொல்கிற பார்வை. நான் கேட்கவில்லை.

வழக்கமாகத் துண்டு கொண்டுவருபவர் தொழிலை விட்டுவிட்டார். புதிதாக ஒரு துணிக்காரர் மூட்டையோடு வந்தார். அவர் வந்த நேரத்தில் அண்ணிக்குக் கடுமையான கண்வலி. இரண்டு கண்ணும் சிவந்து, வீங்கி, ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டுவாரொட்டி என்பதால் தன் முகத்துப் பக்கம் எந்தத் துணியும் வராமல் பார்த்துக்கொண்டார்.

"அக்கா, இது ஓரமே தைக்காத துண்டு. மெஷின்ல அப்படியே வெட்டினது. நூலே கிடையாது. எங்கே கீறப்போகுது?" என்று துணிக்காரர் விரித்துக் காட்டினார். "தொட்டுப் பாருங்க. வெண்ணெய் அக்கா. வழிச்சுத் தின்னலாம்."

"நீங்க தின்னுட்டு இருந்தீங்கன்னா வேற கொண்டுவாங்க" என்றார் அண்ணன்.

அண்ணி துண்டை வாங்கினார். விரல்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தன. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர்களின் கை மாதிரி இருந்தது. ஒரு மூலைவரை போய், நின்று, மறுபடி ஆரம்பத்துக்கு வந்தன. வழக்கமாக அண்ணி இரண்டு மூன்று முறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பாமல் ஒரு கட்டுத் துண்டு வாங்கியதில்லை. அன்று, "நல்லாத்தான் இருக்கு. இறக்குங்க" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதானா? நான் சாயங்காலம்வரை ஆகும்னு பாய் விரிக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

"உங்களுக்கு என்ன, நல்லதா இருந்தா நல்லதுன்னுதானே சொல்லணும்" என்று அண்ணி உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம்தான் பல் டாக்டரின் கறுப்பு வண்டி வந்தது. பழைய வண்டி, புதுப் பெயின்ட் அடித்து வாங்கியிருந்தார். பெயின்ட் கடையில் விட்டுப்போன மங்கலை எடுத்துப் பளபளப்பாக்கிக் கொடுக்க வேண்டும். அண்ணன் அதில் நாள் முழுக்க நின்றார். கதவைப் பாதி இறக்கி, புதுத் துண்டுகளால் அண்ணி கடைசித் துடைப்பு முடித்தார். அந்த மங்கலான வெளிச்சத்தில் வண்டி கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் வண்டியை வெயிலுக்குத் தள்ளினார். பானெட்டில் சூரியன் விழுந்தது. சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னிய மாதிரி மெல்லிய கீறல்கள். தலைமுடியைவிட மெல்லியவை. நகர்ந்து நின்றால் வலையும் கூடவே நகர்ந்தது.

அண்ணன் பானெட்டைக் குனிந்து பார்த்தார். வண்டியை உள்ளே தள்ளி மறுபடியும் மெஷின் போட்டார். அண்ணி மறுபடியும் துடைத்தார். வெயிலுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் வலை.

மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும் அண்ணன் மெஷினை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கை போச்சு பாப்பா" என்றார் என்னிடம். எனக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். "மெஷினைச் சாய்ச்சுப் பிடிக்கிறேன் போல. எனக்கே தெரியாம நடுங்குது போல. அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது."

அவர் கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், அது மரப்பலகை மாதிரி அசையாமல் இருந்தது. ஆனால் அவர் நம்பிவிட்டார். டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், முகம் காத்துப் போன ட்யூப் மாதிரி இருக்கு?" என்று கேட்டதற்கு வழக்கம்போலத் திருப்பிச் சொல்லாமல், "மெஷினை யாராவது வாங்குவாங்களா, விசாரிச்சுச் சொல்லு" என்றார். டயர்க்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு பின்னறைக்கு வந்தார். அதற்குள் கண்வலி இறங்கியிருந்தது. கண்ணில் சிவப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம். கொடியிலிருந்து புதுத் துண்டு ஒன்றை உருவினார். ஜன்னல் வெயிலில் நின்று, கண்ணை மூடி, ஓரத்தை இமையின் மேல் இழுத்தார். மூலைக்கு வந்ததும் கை நின்றது. திரும்ப இழுத்தார். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. இன்னொரு துண்டை எடுத்தார். அதிலும் மூலையில் நின்றார்.

பிறகு அவர் அசையாமல் நின்றார். துகள்கள் அவரைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன. துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய நீலத்துண்டால் துடைத்துக் கொடுத்துவிட்டால் விஷயம் அப்படியே அடங்கிப்போகும். யாருக்கும் எதுவும் தெரியாது. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பாதிக்கதவு வெளிச்சம் அவருக்கு இனி இல்லை.

"பாப்பா, வா" என்று அண்ணி முன்னால் போனார்.

அண்ணன் முன்னால் துண்டை நீட்டி, மூலையை என்னிடம் காட்டினார். "தொட்டுப் பாரு."

தொட்டேன். வெட்டிய இடத்தில் இழை உருகி இறுகி, உப்புக்கல் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

"இருக்கா?"

"இருக்கு அண்ணி. குத்துது."

அண்ணன் துண்டைப் பிடுங்கித் தடவினார். அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது, உடனே அது கரைந்து பெரிய நிம்மதி வந்தது. தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அடப்பாவி! வெண்ணெய்ன்னான். வெண்ணெய்க்குள்ள கல்லைப் போட்டுக் குடுத்திருக்கான்" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "சரி விடு. கண்வலியில நீ பாவம் எங்கே கவனிச்சிருக்கப் போறே" என்றார்.

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி தலையை ஆட்டிவிட்டு அதன் வழியாகப் போயிருக்கலாம். அவர் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"கண்ணு இல்லங்க" என்றார். "கையில தெரியல. ரொம்ப நாளா தெரியல."

"என்ன தெரியல?"

"எதுவும்."

அண்ணன் எழுந்து வந்து அண்ணியின் வலது கையைப் பிடித்தார். அதற்கு முன் நான் பார்க்க அவர் அண்ணியின் கையைப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. கட்டைவிரல் நுனியை நகத்தால் அழுத்தினார். "இது?"

"இல்ல."

ஆட்காட்டி விரலை அழுத்தினார். "இது?"

"ஏதோ கையுறை போட்ட மாதிரி இருக்கு."

"இது?"

"நடுவிரல்தான் ரொம்ப மோசம்."

சுண்டுவிரலை அழுத்தியதும் அண்ணி கையை இழுத்துக்கொண்டார். "ஆ! அது நல்லா இருக்கு. எதுக்கு இப்படிக் கிள்றீங்க?"

 அண்ணனின் குரல் உயர்ந்தது. "இத்தனை நாளா ஏன் சொல்லல? நான் ஒருத்தன் எதுக்கு இங்கே இருக்கேன்? வண்டிக்கு பெட்ரோல் போடவா?"

"சொன்னா துடைக்க விடமாட்டீங்க."

"விடமாட்டேன்."

"அதான்."

  டயர்க்கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. "அக்கா, நான் மெஷினுக்கு ஆள் பார்க்கணுமா வேண்டாமா?" என்று ரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"வேண்டாம். எனக்கு ஒரு நரம்பு டாக்டரைப் பாரு" என்றார் அண்ணி. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

சாயங்காலம் பல் டாக்டர் வண்டி எடுக்க வந்தார். அண்ணன் எதையும் பூசி மெழுகவில்லை. பானெட்டை வெயிலில் காட்டி, துண்டைக் காட்டி, இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றார். டாக்டர் குனிந்து வலையைப் பார்த்தார். கோபப்படப்போகிறார் என்று நான் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர், "யார் துடைச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் அண்ணி. "விரல்ல உணர்ச்சி இல்ல. ஓரம் தெரியாம வாங்கிட்டேன்."

"காலையில எழுந்ததும் கையை உதறுவீங்களா?"

அண்ணி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிவிட்டேன் என்பது போல. நான் இல்லை என்று தலையாட்டினேன். டாக்டர் தன் சட்டைக்கையை மேலே ஏற்றினார். மணிக்கட்டில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு.

"நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்குள்ள கையை வளைச்சு வெச்சிருந்தா வரும். துணி பிழிஞ்சாலும் வரும். மணிக்கட்டுல நரம்பு அழுந்துது. சின்ன ஆபரேஷன்தான். நான் ரொம்பத் தள்ளிப் போட்டதால உணர்ச்சி முழுசா திரும்பல. நீங்க தள்ளிப் போடாதீங்க." கிளம்பும்போது அண்ணனிடம், "வண்டி இரண்டு நாள் இல்ல, ஒரு வாரம் இருக்கட்டும். நான் நடக்கணும்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டே இருக்கா" என்றார்.

அந்த வண்டிக்குக் கடைசித் துடைப்பை அண்ணன் செய்தார். பழைய நீலத்துண்டு. கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்ப்பது போல வேகமாகத் துடைத்தார். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்.

"மெதுவாங்க."

"மெதுவாத்தான் செய்யறேன்."

"அங்கே மேகம் போகுது பாருங்க."

"போகட்டும், எனக்கு என்ன?" என்றார் அண்ணன். ஆனாலும் அவர் கை நின்றது. பானெட்டில் ஒரு வெள்ளை மேகம் நத்தை மாதிரி ஊர்ந்து, கண்ணாடிவரை போய் மறைந்தது. அதன் பிறகு அவர் மெதுவாகத் துடைத்தார். அண்ணி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆகிவிட்டது. கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் உணர்ச்சி திரும்பியிருக்கிறது, நடுவிரலில் இல்லை. துணி பிழிவது முழுக்க என் பொறுப்பு. துண்டு வாங்கும்போது மூன்று பேரும் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கிறோம். கறுப்பு வண்டிகளையும் கரும்பச்சை வண்டிகளையும் அண்ணன் கடைசியாகத் துடைக்கிறார். வெள்ளையும் வெள்ளி நிறமும் அண்ணிக்கு. அவற்றில் கீறல் விழுந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. இடது கைக்கு இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்கிறார் அண்ணி.